மார்பில் ஆடு, கையில் குதிரை

ஹான்காக்கில் பிப்ரவரி.
கூரையிலிருந்து தள்ளிவிட்ட பனி
சன்னல்மட்டும் குவிந்து
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது,
ஒன்றும் வாங்காத வேடிக்கைக்காரனைப் போல.

கெட்டுனென் வீட்டுச் சாமான்களுக்கு
விலைச்சீட்டுப் போடும் வேலை எனக்கு.
காப்பிக் கெண்டி நான்கு டாலர்.
பனிச்சறுக்குக் கட்டை, ஜோடி தொலைந்தது, ஒரு டாலர்.
அலமாரியின் கடைசிக் கொக்கியில் அந்த ஜாக்கெட்.
உடம்பு கம்பளி, சிவப்பும் கறுப்பும் கட்டம் கட்டமாய்.
கை இரண்டும் தோல்.
யாரோ இரண்டு உடுப்புகளில் பாதிப் பாதி திருடி
ஒட்டவைத்த மாதிரி.
இருபத்தைந்து என்றெழுதிக்
குண்டூசியால் குத்தினேன்.

"அப்பாவோடது" என்றார் ராய்.
"மான் வேட்டைக்குப் போட்டுக்கிட்டுப் போவார்."
சற்றுக் கழித்து,
"நான் பார்த்ததில்லை" என்றும் சொன்னார்.

குவபாரா ஒகயாமாவிலிருந்து வந்தவர்.
கிரீன் பேயில் விமானம் இறங்கி
நாலு மணி நேரம் பனியில் ஓட்டி வந்து
காலணியை வாசலில் கழற்றி வைத்தார்.
முதலில் முகர்ந்தார்.
பிறகு தோலை இரு விரலால் மடித்து
அது திரும்பி விரிவதைக் காதருகே வைத்துக் கேட்டார்.
"குதிரை" என்றார்.
"மார்பில் ஆடு, கையில் குதிரை.
மார்புக்குச் சூடு வேண்டும்; கைதான் உரசும்.
முழுத் தோலுக்குக் காசு இல்லாத வருடங்கள்.
அப்புறம் போர் வந்தது,
நல்ல தோலெல்லாம் விமானிகளின் முதுகுக்குப் போனது.
மிச்சத்தில் தைத்தார்கள்.
மிச்சம்தான் இத்தனை அழகு."

மேசை விளக்கை இழுத்துக்கொண்டார்.
துப்பாக்கி ஊன்றிய தோள் என்றால்
வலப்பக்கக் கம்பளி வழுக்கையாகியிருக்கும்.
ஆகவில்லை.
இடது முழங்கை மட்டும் வெளுத்திருந்தது,
வண்டிச் சன்னலில் சாய்ந்து சாய்ந்து.
வலது முன்கையில் நான்கு கோடுகள்,
ஒரே இடைவெளி,
கம்பிக்கூடை ஏதோ தினமும் கடித்த தடம்.
தோள்பட்டை இரண்டையும்
உள்ளிருந்து யாரோ கையால் பிடித்துத் தைத்திருந்தார்கள்,
சின்னச் சின்னத் தையல், கோபமான தையல்.

"உங்கள் அப்பா குள்ளமா?"

ராய் பதில் சொல்லவில்லை.
கையை நுழைத்துப் பார்த்தார்.
முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

உள்பையின் அடியில், பொடியோடு பொடியாக,
ஒரு காகிதம்.
ஹார்யு: இரண்டு பாட்டில். பாக்கி. இருந்தும் கொடு.
லாக்சோனென்: ஒன்று. நாயைப் பார்த்து இறங்கு.
மேட்டுத் தெரு: 7.
அந்த ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு.

ராய் மாடிப்படியில் உட்கார்ந்தார்.
அறுபது வருடம்
மளிகைச் சீட்டிலும் பிறந்தநாள் அட்டையிலும்
அவர் பார்த்த ஏழு.
அம்மா ஹில்யா,
பேருந்தில்கூட ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரப் பயப்பட்ட ஹில்யா,
இருட்டில், இந்த ஊர் மேடுகளில்,
பால் வண்டி ஓட்டியிருக்கிறாள்.
யாரிடமும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

இந்த இடத்தில் அவர் ஜாக்கெட்டை அணைத்துக்கொண்டு
விற்கமாட்டேன் என்பார் என்று நினைத்தேன்.
குவபாரா ஆயிரத்து எண்ணூறு என்றார்.
ராய் கூரையை அண்ணாந்து பார்த்தார்;
ஒழுகும் மூலையை.
"சரி" என்றார்.

"காகிதமும் சேர்ந்தால் இரண்டாயிரம்."

"அது இல்லை."

குவபாரா தலை தாழ்த்தினார்,
ஒருமுறை ராய்க்கு,
ஒருமுறை, எனக்குத் தோன்றியது, உள்பைக்கு.
ஜாக்கெட்டைக் குழந்தைபோல் மடிக்கவில்லை;
வியாபாரி மடிப்பதுபோலத்தான் மடித்தார்,
கம்பளி உள்ளே, தோல் வெளியே.

அதற்கு முன் விளக்கடியில்
துளைகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்:
அந்துப்பூச்சி மூன்று, தீப்பொறி ஒன்று,
காலருக்குக் கீழே ஒன்று, காரணம் தெரியவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
அந்த ஐந்தாவது
என் குண்டூசி.